நிக்கலைக் குழந்தைகளுக்குக் காட்டுவது எப்படி? டர்பன் பக்கத்து வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பழைய தென்னாப்பிரிக்க 20 சென்ட் நாணயத்தைக் காந்தத்தில் வைத்தால் ஒட்டும். அது சுத்த நிக்கல். இரும்பு ஆணியும் ஒட்டும். அந்த இரும்போடு நிக்கலும் குரோமியமும் சேர்ந்த எவர்சில்வர் டம்ளரில் அதே காந்தத்தை வைத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு விழும். ஒட்டுகிற இரண்டு உலோகத்தைச் சேர்த்தால் ஒட்டாத ஒன்று எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைக் குழந்தை தானே கேட்கும்படி செய்துவிட்டால் நிக்கல் பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது. ஆனால் கையில் கிடைத்த டம்ளரையும் சில்லறையையும் வைத்துக்கொண்டு நேரே வகுப்புக்குப் போனால், ஒட்டக்கூடாதது ஒட்டும், துருப்பிடிக்க வேண்டியது பளபளவென்று நிற்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கே சபா வகுப்போ கோயில் வகுப்போ எடுக்கத் தொடங்கியிருந்தாலும், கீழே சொல்லும் வரிசையில் போனால் அந்தத் தலைவலி இருக்காது.

1. யாருக்கு, எப்போது

ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை சரியாக வரும். ஐந்தாம் வகுப்புப் பள்ளிப் பாடத்திட்டத்தில் உலோகம், உலோகமல்லாதவை, உலோகத்தின் பயன்கள் எல்லாம் இரண்டாம் பருவத்தில் வருகின்றன. அதே சமயத்தில் உங்கள் வகுப்பையும் வைத்தால், பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்டதைக் குழந்தை உங்களிடம் தமிழில் திருப்பிச் சொல்லும். இரண்டு சனிக்கிழமை, தலா 45 நிமிடம். துருப் பரிசோதனைக்கு நடுவே ஒரு வாரம் வேண்டும், அதனால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

ஈஸ்டர் வாரத்தைத் தொடவே வேண்டாம். இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் திருவிழா நடக்கும்போது உங்கள் வகுப்புக்கு யாரும் வரமாட்டார்கள். தைப்பூசக் காவடி வாரமும் அப்படித்தான்.

2. காகித வேலையை முதலில் முடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பொருள் வாங்குவதில் தொடங்கி, காகிதத்தைக் கடைசிக்கு விடுகிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். பொருள் ஒரு மாலையில் கிடைத்துவிடும், காகிதம் வாரக்கணக்கில் இழுக்கும்.

குழந்தைகளோடு வேலை செய்கிறவர், சம்பளம் வாங்காத தொண்டராக இருந்தாலும், 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டப்படி தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் (குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று முடிவானவர்களின் பட்டியல்) பெயர் இல்லாதவராக இருக்க வேண்டும். நீங்களே உங்கள் பெயரைப் பற்றி விசாரிக்க 30ஆம் எண் படிவம். சமூக மேம்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். அடையாள அட்டையின் நகல், வெளிநாட்டிலிருந்து வந்தவரென்றால் பாஸ்போர்ட் நகல், சான்றொப்பம் பெற்று இணைக்கவும். சான்றொப்பம் எந்தக் காவல் நிலையத்திலும் இலவசமாகப் போட்டுத் தருவார்கள். பழைய நகலை வைத்து அனுப்பினால் திரும்பி வரும், அனுப்புகிற வாரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சில சபாக்கள் காவல்துறை நற்சான்றிதழும் கேட்கும். அதற்குக் கைரேகையும் கட்டணமும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மாதம் ஒதுக்கினால் நிம்மதி.

பெற்றோர் ஒப்புதல் தாள் ஒரே பக்கமாக இருக்கட்டும், ஆனால் மூன்று விஷயம் கட்டாயம். முதலாவது, படம் எடுக்கலாமா, எங்கே போடலாம். போப்பியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி குழந்தையின் படத்துக்கும் பெயருக்கும் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பெற்றோர் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவதற்கும் இது பொருந்தும். இரண்டாவது, அவசரத் தொலைபேசி எண். மூன்றாவது, நிக்கல் ஒவ்வாமை. "உங்கள் குழந்தைக்கு நிக்கல் ஒவ்வாமை உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றே எழுதுவார்கள். "கவரிங் தோடு போட்டால் காது சிவந்து நீர் வடியுமா? பெல்ட் பக்கிள் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே அரிக்குமா?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான பதில் வரும். அப்படிப்பட்ட குழந்தைக்கு நைட்ரைல் கையுறை போதும், வகுப்பிலிருந்து ஒதுக்க வேண்டியதில்லை.

3. நாணயம் சேர்த்தல்

1965 முதல் 1989 வரை அடித்த 5, 10, 20, 50 சென்ட் நாணயங்கள் சுத்த நிக்கல். வெள்ளையாக இருக்கும். 5 சென்ட்டில் நீல நாரை, 10இல் கற்றாழை, 20இல் புரோட்டியா பூ. எடை முறையே 2.5, 4, 6 கிராம், 50 சென்ட் 9.5 கிராம். 1977க்குப் பிறகு வந்த பழைய ஒரு ராண்டும் நிக்கல்தான், அதற்கு முந்தியது வெள்ளி. வீட்டுப் பாட்டியின் பித்தான் டப்பாவில் இவை கட்டாயம் கிடக்கும். பாட்டியிடம் கேட்டு வாங்கச் சொல்லி வீட்டுப்பாடமே கொடுக்கலாம், அதுவும் தமிழில் கேட்டு.

இங்கே மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

1990க்குப் பிறகு வந்த மஞ்சள் நிற 10, 20, 50 சென்ட்டும் காந்தத்தில் ஒட்டும். அவை வெண்கல முலாம் பூசிய எஃகு. உள்ளே இருக்கிற இரும்புதான் ஒட்டுகிறது. இதைத் தெரியாமல் கலந்துவிட்டால் "எல்லா நாணயமும் நிக்கல்" என்று வகுப்பு முடிவு கட்டிவிடும்.

1991 முதல் வந்த ஒரு ராண்டும், 1989 முதல் வந்த இரண்டு ராண்டும் நிக்கல் முலாம் பூசிய செம்பு. மேலே மெல்லிய தோல்தான் நிக்கல் என்பதால் காந்தம் தயங்கித் தயங்கி இழுக்கும். முதல் வகுப்பில் காட்ட வேண்டாம், இரண்டாம் வகுப்பில் புதிராகக் கொடுக்கலாம்.

மூன்றாவது பணம். புழக்கத்தில் தேய்ந்த நிக்கல் நாணயம் அபூர்வப் பொருள் அல்ல. இணையத்தில் "அரிய 20 சென்ட்" என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு வைத்திருப்பார்கள். சந்தைக் கடையில் ஒரு கைப்பிடி நாணயம் சொற்ப விலைக்கே கிடைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவரென்றால் பெட்டி மூலையைத் துழாவுங்கள். 1990களில் வந்த கனமான ஐந்து ரூபாய் நாணயம் செம்பு 75, நிக்கல் 25 கலவை. அதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. நான்கில் ஒரு பங்கு நிக்கல் இருந்தும் ஒட்டவில்லை என்பது குழந்தைகளைத் திகைக்க வைக்கும். 1992க்குப் பிறகு வந்த சின்ன ஒரு ரூபாயோ நிக்கல் இல்லாத எஃகு, பச்சென்று ஒட்டும். (அமெரிக்காவில் 'நிக்கல்' என்றே பெயர் வாங்கிய ஐந்து சென்ட்டும் அதே 75க்கு 25தான். பெயர் நிக்கல், காந்தத்துக்கு அசையாது!)

4. அடுப்படிச் சாமான்

எவர்சில்வர் என்று நாம் சொல்வது ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம். பாத்திரத்தின் அடியில் 18/10, 18/8, 18/0 என்று அடித்திருக்கும். முதல் எண் குரோமியத்தின் சதவீதம், அடுத்தது நிக்கல். 18/0 என்றால் நிக்கல் இல்லை, காந்தம் ஒட்டும். 18/8ஐத்தான் ஆலைக்காரர்கள் 304 என்பார்கள். எண்ணே இல்லாத மலிவுப் பாத்திரங்களில் பல, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்தவை. அவையும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே "ஒட்டவில்லை, அதனால் நல்ல எவர்சில்வர்" என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

எடுத்துவைக்க வேண்டியவை: 18/10 என்று அடித்த கரண்டி ஒன்று, 18/0 கரண்டி ஒன்று, ஒரு டம்ளர், இன்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரம் ஒன்று. கடைசியதில்தான் வேடிக்கை இருக்கிறது. பக்கவாட்டில் காந்தம் வழுக்கும், அடியில் அப்பிக்கொள்ளும். இன்டக்‌ஷனுக்குக் காந்தம் பிடிக்கும் அடிப்பாகம் வேண்டும் என்பதற்காக வேறு எஃகை அடியில் ஒட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் முந்தைய நாள் இரவே நீங்கள் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டுவது, ஒட்டாதது, அரைகுறை என்று மூன்று பையில் பிரித்துவிடுங்கள்.

5. மற்றவை, செலவு

தீப்பெட்டி அளவு கறுப்பு ஃபெரைட் காந்தம் நான்கு. உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து வளையக் காந்தம் எடுத்தால் செலவே இல்லை. பளபளக்கும் சின்ன நியோடிமியம் உருண்டைகள் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து நசுக்கிவிடும், அறுவை சிகிச்சையில்தான் முடியும்.

ஜாம் போத்தல் மூன்று, உப்பு, முலாம் பூசாத ஆணி, 304 ஸ்க்ரூ, சோப்பு சேர்க்காத ஸ்டீல் வுல், 100 மில்லி அளவுக் குழாய், அடுப்படித் தராசு. தராசு இரவல் கிடைத்தால் இருபது பேருக்குச் சுமார் 300 ராண்டில் அடங்கும். தராசும் வாங்கினால் இன்னும் 150, 200 ஆகலாம். கடைக்குக் கடை மாறும். படம், எழுத்து எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். புரொஜெக்டரை நம்பினால் மின்தடை அன்றைக்குத்தான் வரும்.

6. முலாம் வேறு, கலவை வேறு

இந்த இரண்டு சொல்லையும் பிரிக்காமல் மேலே போகாதீர்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளுக்கு வாயில் போடும் பொருளை வைத்துச் சொன்னால்தான் பிடிபடும். மிளகாய் பஜ்ஜி மேல் மாவு இருப்பதுபோல இருந்தால் அது முலாம். கடித்தால் உள்ளே வேறு. பாயசத்தில் வெல்லம் கரைந்ததுபோல இருந்தால் கலவை. எந்தக் கரண்டியில் எடுத்தாலும் அதே இனிப்பு. குழாய்த் தலையில் பளபளப்பது முலாம்: பித்தளை மேல் நிக்கல், அதன் மேல் மெல்லிய குரோமியம். எவர்சில்வர் கரண்டி கலவை. தேய்ந்தாலும் உள்ளே அதே எவர்சில்வர்தான்.

அம்மாவின் 22 காரட் வளையலையும் சொல்லலாம். நூற்றுக்கு 91.6 தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. சுத்தத் தங்கம் வளைந்துவிடும் என்பதால் ஆசாரி கலக்கிறார். இது வீட்டுக்கு வீடு தெரிந்த உலோகக் கலவை.

7. காந்தப் பரிசோதனை

வரிசை முக்கியம். நிக்கல் நாணயம், ஆணி, டம்ளர், ஐந்து ரூபாய், 18/0 கரண்டி, இன்டக்‌ஷன் பாத்திரம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் குழந்தைகள் கை தூக்கி ஊகம் சொல்ல வேண்டும். ஊகத்தைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் காந்தம் எடுக்க வேண்டும். எழுதாவிட்டால் எல்லோரும் "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள்.

டம்ளரிலிருந்து காந்தம் வழுக்கி விழுந்ததும் விளக்கம். கொண்டைக்கடலையை ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் இரண்டு பெட்டி செய்யுங்கள். முதல் பெட்டியில் எட்டு மூலையிலும் ஒவ்வொரு கடலை, நட்ட நடுவில் ஒன்று. சாதாரண இரும்பின் அணுக்கள் இப்படி நிற்கும். இரண்டாவதில் எட்டு மூலையிலும் ஒவ்வொன்று, ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வொன்று, உள்ளே காலி. போதிய நிக்கல் சேர்ந்தால், சாதாரண வெப்பத்திலும் இரும்பு இந்த இரண்டாம் அடுக்கிலேயே நின்றுவிடும். இரும்பு இப்படி நிற்கும்போது காந்தத்துக்கு இழுபடாது. கடலை குறைந்தது ஆறு மணி நேரம் ஊறியிருக்க வேண்டும். ஊறாவிட்டால் குச்சி உடையும், அதிகம் ஊறினால் கடலை பிளக்கும்.

ஒரு பொறி இங்கே ஒளிந்திருக்கிறது. "இரண்டாம் அடுக்கு என்றால் காந்தம் ஒட்டாது" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். சுத்த நிக்கலின் அணுக்களும் அதே இரண்டாம் அடுக்கில்தான் நிற்கின்றன, ஆனாலும் ஒட்டுகிறது. "இரும்பு அந்த அடுக்கில் நிற்கும்போது" என்று இரும்பின் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள்.

அடுத்து டம்ளரின் விளிம்பு. நடுவயிற்றில் வழுக்கிய காந்தம், மடித்து உருட்டிய விளிம்பில் லேசாகப் பிடிக்கும். சிங்க் தொட்டியின் மூலையிலும், 304 ஸ்க்ரூவின் புரியிலும் அப்படியே. குளிர்ந்த நிலையில் அடித்து வளைக்கும்போது அந்த இடத்து அணுக்களில் ஒரு பகுதி வேறு அடுக்குக்கு மாறி, காந்தம் பிடிக்கத் தொடங்குகிறது. டம்ளரைப் போலி என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி, காந்தத்தை டம்ளரின் வயிற்றிலிருந்து விளிம்புவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். எங்கே கை கனக்கிறதோ அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். விளிம்பில் சரியாக நிற்கும். இந்த ஒரு நிமிடத்துக்காகவே வகுப்பு எடுக்கலாம்.

8. துருப் பரிசோதனை

ஒவ்வொரு போத்தலிலும் 250 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. ஒன்றில் ஆணி, ஒன்றில் 304 ஸ்க்ரூ, ஒன்றில் நிக்கல் நாணயம். பாதி நீருக்கு வெளியே நிற்க வேண்டும், காற்று படாமல் துரு வராது. ஆணியையும் ஸ்க்ரூவையும் ஒரே போத்தலில் தொட்டபடி வைக்காதீர்கள். ஒன்று மற்றதைச் சீக்கிரம் அரிக்கவைத்து முடிவைக் கெடுக்கும். ஒரு வாரத்தில் ஆணி செம்பழுப்பாகும், மற்ற இரண்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

ஆணி துருப்பிடிக்கவில்லையா? துத்தநாக முலாம் பூசிய ஆணியை வாங்கிவிட்டீர்கள். ஹார்ட்வேர் கடையில் மங்கிய சாம்பல் நிற ஆணியைத் தவிருங்கள்.

முதல் நாளே துரு காட்ட ஸ்டீல் வுல். அதில் எண்ணெய்ப் படலம் இருக்கும், ஒரு நிமிடம் வினிகரில் நனைத்து அலசிவிட்டு ஈரமாகவே விட்டால் வகுப்பு முடிவதற்குள் நிறம் மாறத் தொடங்கும். அவசரப்பட்டு ஜிக் என்கிற ப்ளீச்சை ஊற்றாதீர்கள். ப்ளீச்சும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

துருவைத் தடுப்பது முக்கியமாகக் குரோமியம். மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் அதனால்தான் உண்டாகிறது. நிக்கல் அந்தக் கலவையை வளையவும் அழுத்தி இழுக்கவும் வசதியாக்குகிறது, சில அமிலங்களையும் தாங்கவைக்கிறது. எல்லாப் பெருமையையும் நிக்கலுக்கே கொடுத்துவிடாதீர்கள். டர்பன் கடற்கரைப் பக்கத்து பால்கனிக் கைப்பிடியில் தேநீர் சிந்தியதுபோலப் பழுப்புக் கறை பார்த்திருப்பார்கள். உப்புக் காற்றுக்கு 304 போதாததால் வருவது அது. அங்கே மாலிப்டினமும் சேர்ந்த 316 வேண்டும்.

9. எடையும் கன அளவும்

10 சென்ட் நிக்கல் நாணயம் 25 எடுத்தால் 100 கிராம். 50 சென்ட்டை எடுக்காதீர்கள், விட்டம் 27.8 மில்லிமீட்டர், 100 மில்லிக் குழாயில் சிக்கிக்கொள்ளும். குழாயில் 50 மில்லி தண்ணீர், நாணயங்களைச் சாய்த்து ஒவ்வொன்றாக வழுக்கவிடுங்கள். நீர் சுமார் 11 மில்லி ஏறும். நிக்கலின் அடர்த்தி மில்லிக்கு 8.9 கிராம், அதனால் 11.2 வர வேண்டும். இரும்பாக இருந்தால் 12.7. வித்தியாசம் ஒன்றரைக் கோடுதான், ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழே கணக்கைக் கெடுத்துவிடும். தண்ணீரில் ஒரு துளி சன்லைட் (பாத்திரம் கழுவும் திரவம்) விட்டுக் குழாயைத் தட்டுங்கள். தேய்ந்த நாணயம் எடை குறையும், ஆகவே 100 என்று எழுதாமல் தராசு காட்டுவதை எழுதச் சொல்லுங்கள்.

10. கூடாதவை

வினிகரில் நிக்கல் நாணயத்தைப் போட்டு பேட்டரி இணைத்து முலாம் பூசும் காணொளிகள் நிறைய. அதில் வரும் அழகான பச்சைத் திரவம் நிக்கல் உப்பு, நஞ்சு. தோலுக்கு ஒவ்வாமையைப் புதிதாக உண்டாக்கும். எவர்சில்வரை வைத்துச் செய்தால் அதைவிட மோசமான குரோமியச் சேர்மம் வரலாம். வகுப்பிலும் வேண்டாம், கொல்லையிலும் வேண்டாம். நாணயத்தை அரத்தால் ராவுவது, சூடாக்குவது இரண்டும் கூடாது.

ரொட்டி டோஸ்டரில் சிவக்கும் கம்பி நிக்ரோம், பொதுவாக நிக்கல் 80, குரோமியம் 20. மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், திறந்து காட்டாதீர்கள்.

11. கேட்கப்போகும் கேள்விகள்

"நிக்கல் எங்கிருந்து வருகிறது?" இந்த நாட்டில் பெரும்பாலும் பிளாட்டினத்தின் கூடவே. ருஸ்டன்பர்க் பக்கத்துப் பாறையைப் பிளாட்டினத்துக்காக உடைக்கும்போது நிக்கலும் செம்பும் சேர்ந்து வருகின்றன. எவர்சில்வர் தகடு உருட்டும் பெரிய ஆலை ம்புமலாங்காவில், மிடில்பர்க் ஊரில். 3சிஆர்12 என்கிற, குரோமியம் 12 சதவீதம் மட்டும் சேர்த்த மலிவு எஃகும் தென்னாப்பிரிக்காவில் உருவானதுதான். கரும்பாலைகளில் அது உழைக்கிறது. கொள்ளுத்தாத்தா கரும்புக்காட்டுக்கு வந்தவர் என்று தெரிந்த பிள்ளைகள் இங்கே நிமிர்ந்து உட்கார்வார்கள்.

"எவர்சில்வரில் சாப்பிட்டால் நிக்கல் வயிற்றுக்குள் போகுமா?" மிகச் சிறிதளவு போகலாம், புளிப்பை நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலோருக்குக் கவலை இல்லை. கடுமையான ஒவ்வாமை உள்ளவர் மருத்துவரைக் கேட்கட்டும்.

"பேட்டரியில் உண்டா?" திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் பேனா பேட்டரியில் உண்டு, பல மின்சாரக் கார்களின் பேட்டரியிலும் உண்டு. பேட்டரியைப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நாணயங்களைத் துடைத்து உலர்த்தி, பாட்டிகளுக்குத் திரும்ப வேண்டியதைப் பெயர் எழுதித் தனி உறையில் போடுங்கள். காந்தங்கள் நான்கும் பையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே பிள்ளைகளை வெளியே விடுங்கள்.